பார்க்கின்சன் அல்லாத நடுக்கம்: பூக்கட்டும் பெண்மணி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நோயாளியும் அவர் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே இது எழுதப்படுகிறது. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. இங்கே எழுதியிருப்பது தகவலுக்காக மட்டுமே. இதைப் படித்துவிட்டு யாரும் தாம் சாப்பிடும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

பின்னணி

நோயாளிக்கு வயது 67. காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிற்றூரில், கோயில் வாசலில் பல ஆண்டுகளாகப் பூக்கட்டி விற்று வந்தவர். கணவர் இறந்துவிட்டார். ஆட்டோ ஓட்டும் மகன், மருமகள், பேரன் ஆகியோருடன் வசிக்கிறார். சர்க்கரை நோய் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் தினமும் சாப்பிடுகிறார். குடும்பத்தில் யாருக்கும் கை நடுக்கமோ நடைத் தளர்ச்சியோ இருந்ததில்லை.

எங்களிடம் வருவதற்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கு முன்பு அவருடைய கைகள் மெதுவாயின. வாழைநாரில் மல்லிகையை இரண்டிரண்டாக வைத்து முடிச்சிடும் வேலை அது. இரண்டு கைகளும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். அந்தத் தாளம் தளர்ந்ததை முதலில் கவனித்தவர் மருமகள். "ஒரு மணி நேரத்தில் கட்டி முடிக்கிற பூவை அத்தை காலைப் பொழுது முழுக்கக் கட்டிக்கொண்டிருந்தார். எந்தக் கை மெதுவானது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான்" என்றார் அவர். நோய்க் குறிப்பில் இந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்தோம். பின்னால் அது மிகவும் பயன்பட்டது.

அடுத்த சில மாதங்களில் தலைசுற்றல் வந்தது, அதற்கு மாத்திரை தரப்பட்டது. அதன் பிறகு உடல் வேகமாகத் தளர்ந்தது. கைகள் நடுங்கின, நடை குறுகியது, நாற்காலியிலிருந்து எழுவதற்கு ஆள் துணை வேண்டியிருந்தது. நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் தொடங்கப்பட்டது. எங்களிடம் வருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, பார்க்கின்சன் நோய் (மூளை நரம்பணுக்கள் மெல்லச் சிதைந்து அசைவு மந்தமாகும் நோய்) என்றும் வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும் என்றும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை சாப்பிடத் தொடங்கினார். முன்னேற்றம் இல்லை. மறதியும் மனக்குழப்பமும் புதிதாகச் சேர்ந்துகொண்டன. கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நோய் முற்றுகிறது என்று நினைத்துத்தான் மகன் எங்களிடம் அழைத்து வந்தார்.

பரிசோதனையில் கண்டவை

முகத்தில் உணர்ச்சி மாற்றம் இல்லை, கண் இமைப்பது குறைந்திருந்தது, குரல் தாழ்ந்திருந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னபோது இரண்டு கைகளும் ஒரே அளவில் மந்தமாக இயங்கின, தட்டத் தட்ட வீச்சும் குறைந்தது. மணிக்கட்டை அசைத்துப் பார்த்தால் இரு புறமும் விறைப்பு. இத்தனையும் பார்க்கின்சன் நோயிலும் காணப்படுபவைதாம். அந்தப் பெயரைச் சூட்டிய மருத்துவர் கண்ணில் பட்டதை வைத்தே சூட்டியிருக்கிறார் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

ஆனால் பொருந்தாத செய்திகளும் இருந்தன. மடியில் கை வைத்திருந்தபோது நடுக்கம் சிறிதளவே இருந்தது, கைகளை முன்னே நீட்டினால் அதிகமானது. உதடுகளைச் சுற்றி மெல்லிய, வேகமான துடிப்பு இருந்தது. நாக்கு அவ்வப்போது தானாக அசைந்தது. உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாமல் கால்களை மாற்றி மாற்றி வைத்தபடி இருந்தார். வீட்டில் இதைப் பதற்றம் என்று எண்ணியிருக்கிறார்கள். அசைவு மந்தமான ஒருவர் இப்படித் தவிப்பது, மருந்தின் விளைவோ என்று கேட்கத் தூண்டுகிற அறிகுறி.

மோப்பத் திறனையும் பார்த்தோம். பார்க்கின்சன் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது குறைந்திருக்கும், பலருக்கு நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே குறையத் தொடங்கியிருக்கும். மல்லிகை, மரிக்கொழுந்து, துளசி என்று மருமகள் கொண்டுவந்த பூக்களையும் இலைகளையும் கண்ணை மூடச் சொல்லிக் கொடுத்தோம். ஒன்றுகூடத் தவறவில்லை. தூக்கத்தில் கை கால்களை உதறுவது, கனவில் கத்துவது போன்ற பழக்கம் முன்போ இப்போதோ இல்லை. மலச்சிக்கல் இருந்தது. ஆனால் அது ட்ரைஹெக்ஸிஃபெனிடில் தொடங்கிய பிறகு வந்தது.

மருந்துப் பை

அவர் சாப்பிடும் எல்லா மருந்தையும், 'அது சும்மா கேஸுக்கு' என்று ஒதுக்கி வைப்பவை உட்பட, எடுத்து வரும்படி மகனிடம் சொல்லி அனுப்பினோம். அடுத்த முறை ஒரு துணிக்கடைப் பை நிறைய அட்டைகளும் பழைய சீட்டுகளும் வந்தன. அவற்றைத் தேதி வாரியாக மேசையில் அடுக்கியபோது நோயின் வரலாறு வேறாகத் தெரிந்தது.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பு வயிற்று உப்புசத்துக்காக ஒரு கேப்சூல் எழுதப்பட்டிருந்தது. அதில் ரபிப்ரசோல் 20 மில்லிகிராம், லெவோசல்பிரைடு 75 மில்லிகிராம். சீட்டில் இருந்தது இரண்டு வாரத்துக்கு மட்டுமே. ஆனால் அதைச் சாப்பிட்டால் வயிறு லேசாக இருந்ததால், காலி அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் மாதா மாதம் வாங்கி, தினமும் வெறும் வயிற்றில் சாப்பிட்டிருக்கிறார். கைகள் மெதுவானது இதற்குச் சில மாதங்கள் கழித்து. தலைசுற்றலுக்குத் தரப்பட்டது சின்னாரிசின் 25 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. உடல் வேகமாகத் தளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

இந்த இரண்டு மருந்துகளும், மூளையில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் போய்ச் சேரும் இடங்களை, அதாவது ஏற்பிகளை, அடைப்பவை. லெவோசல்பிரைடு வயிற்றுக்காக எழுதப்பட்டாலும் மனநோய் மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. சின்னாரிசினும் அதன் உறவான ஃப்ளுனாரிசினும் கால்சியத் தடுப்பான்கள் என்று வகைப்படுத்தப்பட்டாலும் டோபமைனையும் தடுக்கின்றன. (ஆம்லோடிபினும் கால்சியத் தடுப்பான்தான். ஆனால் அதற்கு இந்தக் குணம் இல்லை, அதைத் தொடர்ந்தோம்.)

சங்கிலி அங்கேயும் முடியவில்லை. லெவோடோபா தொடங்கியதும் அவருக்குக் குமட்டல் வந்தது. அது அந்த மருந்தின் பரவலான பக்கவிளைவு. குமட்டலுக்கு அவர் என்ன செய்தார்? தன்னிடம் இருந்த 'கேஸ் மாத்திரை'யை இரவிலும் ஒன்று சேர்த்துக்கொண்டார். நோயை உண்டாக்கிய மருந்தின் அளவு அந்த நோய்க்கான சிகிச்சையாலேயே இரட்டிப்பானது. லெவோடோபா மூளையில் டோபமைனாக மாறினாலும் அது போய்ச் சேரும் இடத்தைத்தான் கேப்சூல் அடைத்துக்கொண்டிருந்தது. சாவித் துவாரத்தில் மெழுகை ஊற்றிவிட்டு மேலும் மேலும் சாவி செய்து கொடுத்தது போல ஆயிற்று.

மருந்தால் அசைவு முடங்குவது புதிய செய்தியும் அன்று. டோபமைனின் பங்கு உலகுக்குத் தெரிந்ததே அப்படித்தான். சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரிக்கப்பட்ட ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப்போன விலங்குகள் லெவோடோபா கொடுத்ததும் மீண்டும் இயங்கியதை 1957இல் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் காட்டினார். 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1950களில் குளோர்புரோமசின் பரவியபோதே மனநல மருத்துவர்கள் இந்த முடக்கத்தைக் கண்டார்கள். மனநோய் மருந்து எழுதுபவர்கள் இன்று இதைக் கவனமாகத் தேடுகிறார்கள். வயிற்றுக்கும் தலைசுற்றலுக்கும் எழுதப்படும் மருந்துகளிடம்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

வேறு என்னவாக இருந்திருக்கலாம்

மருந்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் மற்றக் காரணங்களைப் பார்க்காமல் விடுவதும் ஆபத்துதான். ஆகையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும், ஆண்டுகள் கழிந்து மறு பக்கம் பரவினாலும் முதலில் தொடங்கிய பக்கமே அதிகம் பாதிக்கப்பட்டிருக்கும். அதன் நடுக்கம் ஓய்வில் வரும், நொடிக்கு 4 முதல் 6 அசைவுகள். இவருக்கோ தொடக்கத்திலிருந்தே இரு கைகளும் சமமாகப் பாதிக்கப்பட்டிருந்தன. மருந்தால் வருவது எல்லோரிடமும் இப்படிச் சமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது, ஒரு பக்கம் மிகுந்தும் வரலாம். எனவே இந்த ஒரு குறியை மட்டும் நம்பி நாங்கள் முடிவெடுக்கவில்லை. ஆனால் 2015இல் வெளியான பன்னாட்டு அசைவுக் கோளாறுச் சங்கத்தின் வரையறை ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கிறது: நோயை விளக்கும் அளவிலும் காலத்திலும் ஒருவர் டோபமைன் தடுப்பு மருந்து சாப்பிட்டிருந்தால் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயரிடக் கூடாது.

லெவோடோபா பலிக்கவில்லை என்பதை நாங்கள் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சாப்பிட்டது நாளுக்கு 300 மில்லிகிராம். குறைந்தது 600 மில்லிகிராம் வரை உயர்த்திப் பார்க்காமல் 'மருந்துக்குப் பலனில்லை' என்று எழுதுவது சரியல்ல. இந்தத் தவறான வாக்கியம் பல நோயாளிகளின் கோப்பில் இருக்கிறது.

முதுமையில் வரும் இன்னொரு நோய், 1964இல் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்சூஸ்கி ஆகிய மூவர் விவரித்த மேலுட்கரு முடக்குவாதம். அதில் முதல் சில ஆண்டுகளிலேயே நோயாளிகள் அடிக்கடி விழுவார்கள், பெரும்பாலும் பின்பக்கமாக. கண்களைக் கீழ்நோக்கி விரைவாகத் திருப்ப முடியாது. படியிறங்குவதும் தட்டில் உள்ள சோற்றைப் பார்ப்பதும் சிரமமாகும். இவர் கண்கள் எல்லாத் திசையிலும் தடையின்றி ஓடின, இதுவரை விழுந்ததும் இல்லை. பல உறுப்பு மண்டலச் சிதைவு நோயில் எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் கடுமையாக இறங்கும், சிறுநீர்க் கட்டுப்பாடு சீக்கிரமே போகும். படுக்க வைத்தும் நிற்க வைத்து மூன்று நிமிடம் கழித்தும் அளந்தோம், குறிப்பிடத்தக்க இறக்கம் இல்லை. மூளைக்குள் நீர் சேரும் நோயில் கால்கள் அகன்று, பாதம் தரையோடு ஒட்டியது போன்ற நடை வரும். இவருடைய அடிகள் சிறியவை, ஆனால் கால்கள் அகலவில்லை. முன்பே எடுத்திருந்த சி.டி. ஸ்கேனில் நீர் அறைகள் வயதுக்கு ஏற்ற அளவில் இருந்தன, பக்கவாதத் தழும்பும் இல்லை. தைராய்டு அளவு சரியாக இருந்தது.

குடும்பத்தில் பரவும் சாதாரண நடுக்கம் எளிதில் விலகியது. டம்ளரைப் பிடிக்கும்போதும் எழுதும்போதும் கை நடுங்குவது அதன் அடையாளம். ஆனால் அந்த நடுக்கம் உள்ளவருக்கு முகம் உறையாது, கை மந்தமாகாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

லெவோசல்பிரைடையும் சின்னாரிசினையும் அன்றே நிறுத்தினோம். ட்ரைஹெக்ஸிஃபெனிடிலைப் படிப்படியாகக் குறைத்தோம். முதியவர்களுக்கு அது மறதி, குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு எல்லாவற்றையும் தரக்கூடியது. ஆனால் சட்டென்று விட்டால் வேறு தொல்லைகள் வரும்.

லெவோடோபாவை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் பேச்சு நடந்தது. தேவையற்ற மருந்து, உடனே நிறுத்தலாம் என்பது ஒரு கருத்து. ஆனால் லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் சேர்ந்த ஆபத்தான நிலை சிலருக்கு ஏற்படுவதுண்டு. அதோடு, அடைப்பு நீங்கிய பிறகு உள்ளே மறைந்திருக்கும் பார்க்கின்சன் நோய் வெளிப்பட்டால் அந்த மருந்து தேவைப்படும். மருந்தால் அசைவு முடங்கியவர்களில் ஒரு சிலருக்கு உண்மையிலேயே அந்த நோய் தொடக்க நிலையில் இருக்கும், தடுப்பு மருந்து அதைக் காலத்துக்கு முன்பே வெளிக்கொண்டுவந்திருக்கும். எனவே அதே அளவில் தொடர்ந்து, உடல் தேறிய பின் மெதுவாகக் குறைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். லெவோடோபா முழுவதும் விலகிய பிறகும் அவர் நன்றாக இருந்தால்தான் காரணம் மருந்து என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

டிரோடாட் ஸ்கேன் பற்றி மகன் கேட்டார். டோபமைன் நரம்பு முனைகள் குறைந்திருக்கின்றனவா என்று அது காட்டும். பார்க்கின்சனில் குறைந்திருக்கும், மருந்தால் வருவதில் பெரும்பாலும் சரியாக இருக்கும். பார்க்கின்சனையும் அதையொத்த சிதைவு நோய்களையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க அது உதவாது. இங்கே எழுந்த கேள்விக்கு அது பொருத்தமான பரிசோதனைதான். ஆனாலும் அப்போது எடுக்கச் சொல்லவில்லை. ஸ்கேன் எப்படி வந்தாலும் முதலில் செய்ய வேண்டியது மருந்தை நிறுத்துவது. ஸ்கேனுக்கு ஆகும் செலவும் பெருநகரப் பயணமும் அந்தக் குடும்பத்துக்குப் பெரும் பாரம். ஆறு மாதத்தில் தேறாவிட்டால் எடுப்போம் என்று சொன்னோம்.

இந்தக் காலக்கெடுவை எழுதிக் கொடுத்தது முக்கியமானது என்று நினைக்கிறேன். மருந்தை நிறுத்தியதும் மறுநாளே நடுக்கம் நிற்கும் என்று குடும்பம் எதிர்பார்க்கும், நிற்காவிட்டால் நம்பிக்கை இழக்கும். தேறுவதற்கு வாரங்கள் ஆகும், பலருக்கு மாதங்கள் ஆகும் என்று மூவரையும் உட்கார வைத்துச் சொன்னோம்.

அடுத்த மாதங்கள்

முதல் இரண்டு வாரங்கள் கடினமாக இருந்தன. வயிற்று உப்புசம் திரும்பியது. இரவு உணவை முன்னதாகச் சிறிதளவில் சாப்பிடுவது, சாப்பிட்டவுடன் படுக்காமல் இருப்பது, மலச்சிக்கலைச் சரிசெய்வது என்று பார்த்துக்கொண்டோம். குமட்டலுக்குக் குறுகிய காலம் டோம்பெரிடோன் தந்தோம். தருவதற்கு முன் இ.சி.ஜி. பார்த்தோம், ஏனெனில் அது இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும். மூளைக்குள் அது எளிதில் நுழைவதில்லை என்பதால் இத்தகைய நோயாளிகளுக்கு, வாந்திக்குப் பரவலாகத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடைவிட ஏற்றது.

கால்களின் தவிப்புதான் முதலில் அடங்கியது. ட்ரைஹெக்ஸிஃபெனிடில் குறையக் குறைய மனம் தெளிந்தது. ஆறாவது வாரத்தில் பேரன் பேச்சுக்கு அவர் சிரித்ததாக மருமகள் வந்து சொன்னார். விரல் தட்டலில் வேகம் கூடியிருந்ததை நாங்களும் அளந்து குறித்தோம்.

மூன்றாம் மாதத்தில் நடுக்கமும் விறைப்பும் திரும்பின. மருந்து எதுவும் மாறவில்லை என்று மகன் உறுதியாகச் சொன்னார். பையை மறுபடி மேசையில் கொட்டினோம். புதிய பெயரில் ஓர் அட்டை இருந்தது. உப்புசம் தாங்காமல் கடையில் கேட்டபோது, பழைய கேப்சூலின் பெயரைச் சொல்லி 'அது வேண்டாம்' என்று மகன் மறுத்திருக்கிறார். கடைக்காரரும் வேறு நிறுவனத்தின் கேப்சூலைக் கொடுத்திருக்கிறார். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருந்தது அதே லெவோசல்பிரைடு 75 மில்லிகிராம். நாங்கள் சொன்னதை மகன் ஒரு வார்த்தை பிசகாமல் செய்திருந்தார். ஒரே மருந்து எத்தனையோ வணிகப் பெயர்களில் வருகிறது என்பதை அவர் எப்படி அறிவார்?

அதை நிறுத்தியதும் மீண்டும் தேறினார். விரும்பாமல் நடந்த இந்த மறுபரிசோதனை நோய்க் காரணத்தை ஏறக்குறைய உறுதிசெய்துவிட்டது. ஐந்தாம் மாதத்தில் லெவோடோபாவைக் குறைக்கத் தொடங்கி ஏழாம் மாதத்துக்குள் முழுவதும் நிறுத்தினோம். நடை, கை வேகம் எதுவும் பின்வாங்கவில்லை. ஸ்கேன் தேவைப்படவில்லை.

இப்போதைய நிலை

ஓர் ஆண்டு கழிந்த பரிசோதனையில் விறைப்பு இல்லை, நடையில் கைவீச்சு திரும்பியிருக்கிறது, இரு கைகளும் வயதுக்குரிய வேகத்தில் இயங்குகின்றன. காலையில் கடையில் உட்காருகிறார். உதடுகளைச் சுற்றிய துடிப்பும் நாக்கின் அசைவும் மட்டும் முற்றிலும் மறையவில்லை. நெடுநாள் டோபமைன் தடுப்பு மருந்து சாப்பிட்டவர்களுக்கு இந்த அசைவுகள் மருந்து நின்ற பிறகும் நிலைத்துவிடலாம். வெற்றிலை போடுவது போல இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்பது அவருக்கு வருத்தம் தருகிறது. அதைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. அவற்றில் சில டோபமைனையே குறைப்பவை என்பதால், இப்போதைக்குக் காத்திருப்பது என்று அவருடன் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

பார்க்கின்சன் நோய் பின்னாளில் தலைகாட்டாது என்று அவருக்கு வாக்குறுதி தரவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறோம். ஒரு கை மட்டும் மந்தமாவது, மோப்பம் குறைவது ஆகியவற்றைக் கவனிக்கும்படி மருமகளிடம் சொல்லியிருக்கிறோம்.

மாற்றிக்கொண்டவை, மாற வேண்டியவை

நடுக்கம் அல்லது நடைத் தளர்ச்சிக்காக வரும் ஒவ்வொருவரிடமும் கடந்த ஓராண்டில் சாப்பிட்ட எல்லா மருந்தையும் அட்டையோடு கொண்டுவரச் சொல்கிறோம். செவிலியர் வணிகப் பெயரை விட்டுவிட்டு உள்ளடக்கத்தின் பெயரை எழுதுகிறார். நாங்கள் குறிப்பாகத் தேடுபவை: லெவோசல்பிரைடு, மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், சின்னாரிசின், ஃப்ளுனாரிசின், மனநோய்க்கான ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் போன்றவை, வலிப்புக்கான வால்ப்ரோயேட். இவற்றில் மனநோய் மருந்தோ வலிப்பு மருந்தோ இருந்தால் அதை நாங்களாக நிறுத்துவதில்லை, எழுதிய மருத்துவரோடு பேசுகிறோம். அந்த நோய் திரும்பினால் வரும் கேடு நடுக்கத்தைவிடப் பெரிதாக இருக்கலாம்.

இந்த நோயாளி தவிர்க்க வேண்டிய மருந்துகளின் உள்ளடக்கப் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்றை அவர் குடும்பத்துக்குத் தந்தோம். மூன்றாம் மாதச் சறுக்கலுக்குப் பிறகு இதை எல்லோருக்கும் தருகிறோம். வாந்திக்கு ஊசி போடப் போகும்போதும் இந்த அட்டையைக் காட்ட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

எங்கள் கைக்கு அப்பாற்பட்டது ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு எழுதப்பட்ட மருந்து ஒன்றரை ஆண்டு ஓடியது. சீட்டில் நாள் கணக்கு இருந்தும் காலி அட்டையே சீட்டாகிவிட்டது. மெட்டோகுளோப்ரமைடை ஐந்து நாட்களுக்கு மேல் தர வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்து ஒழுங்குமுறை முகமை 2013இல் வரையறுத்தது. நம் ஊரில் லெவோசல்பிரைடு கலந்த கேப்சூல்களை முதியவர்கள் மாதக்கணக்கில், டீத்தூள் வாங்குவது போல வாங்கிப் போகிறார்கள். எங்கள் பகுதி மருந்துக் கடைக்காரர்கள் சிலரிடம் இந்த நிகழ்வைச் சொன்னோம். இரண்டு பேர், அறுபது வயது கடந்தவர்கள் இந்தக் கேப்சூலைத் தொடர்ந்து கேட்டால் மருத்துவரிடம் திருப்பி அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள். அப்படி அனுப்பப்பட்ட முதியவர் ஒருவர், கை மெதுவாகிவிட்டது என்ற குறையோடு எங்களிடம் வந்திருக்கிறார். அவருடைய மருந்தை நிறுத்தியிருக்கிறோம், அடுத்த பரிசோதனை ஆறு வாரம் கழித்து.